ஓய்வுப் பொழுதும் ஒரு காமன் கூத்தும்

அலுவல் மேற்கொண்டு அயல்நாடு செல்லும் ஒருவனுக்கு, அங்கே செய்ய வேண்டிய வேலை இன்னதென்று வரிவரியாக எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். வேலை முடிந்தபின் எஞ்சும் பொழுதை எவ்வாறு கழிப்பது என்பதை மட்டும் எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆகவே அந்தப் பொழுதைச் சிலர் கடைத்தெருவில் செலவிடுகிறார்கள். சிலர் விடுதியில் உறங்கித் தீர்க்கிறார்கள். வேறு சிலர் பார்க்கத் தக்க இடங்களின் பட்டியலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடி ஓடிப் புகைப்படம் எடுத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். நான் இந்த மூன்று கூட்டத்திலும் மாறி மாறி இருந்தவன். ஆகையால் எவரையும் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. சென்ற மாசி மாதம் இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் கிடைத்த ஓய்வு நாள்கள் எனக்குக் கற்பித்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

குன்னூரில், தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்யும் ஒரு நிறுவனத்தில் நான் பொறியாளன். இரத்தினபுரிக்குக் கிழக்கே, பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் புதிய உலர்த்தும் இயந்திரம் ஒன்றை நிறுவிக் கொடுப்பது எனக்கு இட்ட பணி. தை மாத இறுதியில் போய்ப் பங்குனி பிறக்கும் தறுவாயில் திரும்புவதாக ஏற்பாடு.

நீலகிரியில் பழகிய எனக்கு அப்பகுதித் தேயிலை புதியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்துக்குள் விளைவதைத் தாழ்நிலத் தேயிலை என்கிறார்கள். வெப்பமும் மழையும் மிகுந்த அந்நிலத்தில் கொழுந்து விரைந்து வளரும். உருட்டிப் பதப்படுத்தினால் கருநிறத்தில் நீண்டு முறுகிய இலை கிடைக்கும். மேற்காசிய நாடுகளில் அதற்கு விருப்பம் அதிகம். தேயிலையோடு ரப்பரும், நெல்வயல்களுக்கு அடியில் மாணிக்கக் கற்களும் உள்ள சீமை அது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. நான் போன காலம் மழை சற்று ஓய்ந்திருந்த காலம்.

அம்மா கேட்ட ஒன்று

புறப்படும் நாளன்று என் தாயார் வாசல்வரை வந்தார். எழுபது வயதைத் தொட்டவர். எதையும் கேட்டுப் பழகாதவர். அன்று மட்டும் என் கையைப் பற்றிக்கொண்டு, "போற எடத்துல நேரம் கெடைச்சா, நம்ம தோட்டத்துல இன்னமும் கம்பம் ஊனுறாங்களான்னு பாத்துட்டு வாப்பா" என்றார்.

'நம்ம தோட்டம்' என்று அவர் சொன்னது, பிறந்து வளர்ந்து பதினெட்டாம் வயதில் விட்டு வந்த இரத்தினபுரி மாவட்டத் தோட்டத்தை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனதும், 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதும் வாசகர்கள் அறிந்தவை. அவ்வொப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிறகு பேசித் தீர்ப்பதற்கு. அந்த முதல் எண்ணிக்கையுள் என் பாட்டனாரும் பாட்டியும் தாயாரும் அடங்குவர். 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டமொன்றில் குடியேறினார்கள். நான் பிறந்தது அங்கேதான்.

கம்பம் என்று அவர் குறித்தது காமன் கூத்துக்கு நடும் கம்பத்தை. என் பாட்டனார் அக்கூத்தில் ரதி வேடம் கட்டுபவராம். அவர் அழுதால் லயத்துப் பெண்கள் எல்லோரும் அழுவார்களாம். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

வீணான முதல் வாரம்

இயந்திரத்தின் ஒரு முக்கியப் பகுதி துறைமுகத்தில் தாமதப்பட்டு நின்றுவிட்டது. இன்று வரும், நாளை வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காலையில் தொழிற்சாலைக்குப் போய் அடித்தளத்தைப் பார்வையிடுவேன். பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். பங்களாவுக்குத் திரும்பிக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மாலை வந்துவிடும். இப்படி ஏழு நாள் கழிந்தன.

தாயாரின் வேண்டுகோள் நினைவில் இருந்தது. ஆனால் தேடுவது எப்படி? தோட்டத்துத் தமிழர் தமக்கென வைத்துக்கொண்ட தோட்டப் பெயர்கள் வேறு. அரசாங்கப் படத்தில் உள்ள ஆங்கிலப் பெயர்களும் சிங்களப் பெயர்களும் வேறு. அம்மாவுக்குத் தெரிந்தது தமிழ்ப் பெயர் ஒன்றே. ஏதோ ஒரு மரத்தை ஒட்டி அமைந்த பெயர். பாட்டியின் தகரப் பெட்டியில் இருந்த காகிதங்கள் ஒரு மழைக்காலத்தில் நனைந்து கூழாகிப் போயின. தொழிற்சாலை எழுத்தரிடம் அப்பெயரைச் சொன்னேன். அவர் இளைஞர்; கேள்விப்பட்டதில்லை என்றார். அத்துடன் என் முயற்சி நின்றது. செய்யாமல் விடுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் மனம் எவ்வளவு அமைதி அடைகிறது!

பிறகு பட்டியல் போட்டேன். கேகாலைப் பக்கம் போனால் 1975இல் தொடங்கிய பின்னவலை யானைகள் சரணாலயம், போகலைக் காரீயச் சுரங்கம், இரத்தினபுரியில் எகெலப்பொல வளவில் அமைந்த அருங்காட்சியகம், குருவிட்டைக்கு அருகே போபத் அருவி, இயன்றால் சிவனொளிபாதமலை. மனைவிக்கு ஒரு நீலக்கல் வாங்குவதும் பட்டியலில் இருந்தது. இரத்தினபுரி வீதியில் காலை நேரத்தில் வியாபாரிகள் கூட்டமாக நின்று, மடித்த காகிதத்துக்குள்ளிருந்து கல்லை எடுத்து வெயிலில் காட்டுகிறார்கள். என்னிடமும் காட்டினார்கள். எது கல், எது கண்ணாடி என்று அறியாதவன் நான். விலையைக் கேட்டுவிட்டு, தேநீர் குடித்துத் திரும்பினேன்.

குழியில் கிடைத்த நினைவு

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலையின் சிங்கள வண்டியோட்டி தம் உறவினர் வேலை செய்யும் மாணிக்கக் குழிக்கு என்னை அழைத்துச் சென்றார். நெல்வயல் நடுவே கிணறு போல வெட்டிய குழி. மண் சரியாதபடி உட்புறம் முழுதும் மரச் சட்டங்கள். ஊறும் நீரை இயந்திரம் ஓயாமல் இறைத்துக்கொண்டிருந்தது. ஆழத்தில் உள்ள சரளை மண் படுகைக்குச் சிங்களத்தில் 'இல்லம' என்று பெயர். அதுதான் கற்களுக்கு உறைவிடம். நிலத்துக்கு உடையவர், உரிமம் பெற்றவர், இறைக்கும் இயந்திரம் கொடுத்தவர், குழியில் இறங்கி உழைப்பவர் ஆகிய எல்லோருக்கும் கிடைத்ததில் பங்கு. கிடைக்காவிட்டால் எல்லோருக்கும் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் 'டூர்மலின்' என வழங்கும் கல்லின் பெயரும் சிங்களத்துத் 'தோரமல்லி'யிலிருந்து பிறந்ததுதான்.

சரளையை அள்ளிக் கூடையிலிட்டு நீரில் அமிழ்த்தி, ஒரு முதியவர் சுழற்றினார். இலேசான மண்ணும் மணலும் விளிம்பின் வழியே வெளியேறின; கனமானவை நடுவில் தங்கின. தேயிலைத் தூளைத் தரம் பிரிக்கும் இயந்திரங்களோடு இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்தவனாகையால், அந்தக் கைகளின் கணக்கு எனக்கு விளங்கிற்று. எவ்வளவு வேகம், எவ்வளவு சாய்வு, எப்போது நிறுத்துவது என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. எல்லாம் மணிக்கட்டில் இருந்தது. நான் முதன்முதலாக நெடுநேரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கூடையின் அடியில் கருமையான பாரமான பொடிக்கற்கள் சில எஞ்சின. அவர் அவற்றை ஒதுக்கிவிட்டு அடுத்த கூடைக்குக் கையை நீட்டினார்.

அந்தக் கரிய துகள்களைக் கண்டதும் எப்போதோ படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. இதே பலாங்கொடைப் பகுதி மாணிக்கச் சரளையிலிருந்துதான் ஆனந்த குமாரசுவாமி 1904இல் ஒரு புதிய கனிமத்தை உலகுக்கு அறிவித்தார். தோரியம் மிகுந்திருந்த அதற்குத் 'தோரியனைட்' என்று பெயரிட்டார்கள்.

கல்லைத் தேடி வந்தவர்

கலை ஆராய்ச்சியாளர் என்றே நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக்கு வந்தது கலைக்காக அன்று. 1877இல் கொழும்பில், சர் முத்து குமாரசுவாமி என்ற தமிழ்ப் பெரியாருக்கும் ஆங்கில அன்னைக்கும் பிறந்தவர். 1879இல் தந்தை காலமானார். பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்தது. இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைவராக இருந்தார். பிறந்த மண்ணாயினும், இருபத்தைந்து வயது இளைஞராக அவர் வந்து இறங்கியபோது அது அவருக்கு அயல்நாடுதான்.

பாறையையும் மண்ணையும் பார்ப்பதற்காக ஊர் ஊராகச் சுற்ற வேண்டிய உத்தியோகம் அது. சுற்றிய இடங்களில் அவர் கண்கள் பாறையோடு நின்றுவிடவில்லை. கொல்லன் உலையையும், குயவன் சக்கரத்தையும், பாய் முடையும் பெண்ணின் விரலையும், விகாரைச் சுவரில் தீட்டிய ஓவியத்தையும் பார்த்தார். செய்பவரிடமே அமர்ந்து செய்முறையைக் கேட்டார். கருவிகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டார். அவர் மனைவி எதெல் புகைப்படம் எடுத்தார். அழிந்துவரும் கலைகளையும் பழங்கட்டடங்களையும் காக்குமாறு 1905இல் கண்டித் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அரசாங்க வேலை மூன்றாண்டில் முடிந்தது. அதனால் இலண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் கிடைத்தது. ஓய்வு வேளையில் கண்டதும் கேட்டதும் 1908இல், இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக இங்கிலாந்தில் வெளிவந்தன. வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அதே கை அச்சுப்பொறியில் 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள். பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் அமர்ந்து அவர் எழுதிய நூல்களுக்கெல்லாம் அதுவே தொடக்கம் எனலாம்.

அதே ஆண்டுகளில் இன்னொருவரும் இத்தீவில் உத்தியோகம் பார்த்தார். லெனார்ட் வுல்ப் என்ற ஆங்கிலேயர் 1904 முதல் 1911 வரை இங்கே அரசாங்க அதிகாரி. இரத்தினபுரி மாவட்டத்தின் தெற்கே உள்ள அம்பாந்தோட்டையில் மூன்றாண்டு நிர்வாகம் செய்தார். வழக்கும் வரியும் பஞ்சமும் பார்க்கப் போன காட்டுக் கிராமங்களே 1913இல் அவருடைய நாவலாயின.

இவர்கள் இருவரும் ஓய்வை வேலையிலிருந்து தப்பியோடும் வழியாகக் கொள்ளவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புலனாயிற்று. வேலையே அவர்களுக்கு வாசற்படி. கல்லைப் பார்க்கத் தெரிந்த கண், கல்லைச் செதுக்கும் கையையும் பார்த்தது. நானோ என் தொழிலைத் தொழிற்சாலை வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு, வேறொரு மனிதனாக ஊர் பார்க்கப் போயிருந்தேன். அதனால்தான் கண்ணாடிக்கும் கல்லுக்கும் வேறுபாடு தெரியாமல் வீதியில் நின்றேன்.

ரோதமுனியின் மாடம்

அன்றிரவே பட்டியலைக் கிழித்தேன். மறுநாளிலிருந்து, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொழிற்சாலையிலேயே தங்குவது என்று முடிவு செய்தேன்.

தாழ்நிலத் தொழிற்சாலைகளில் இரவு வேலை உண்டு. பகலில் பறித்த கொழுந்து மாலையில் வாட்டும் தொட்டிகளில் பரவும்; பின் உருட்டும் இயந்திரம் சுழலும்; புளித்துச் செம்பு நிறம் ஏறிய இலை உலர்த்திக்குள் நுழையும். பழைய உலர்த்தியின் அடுப்புக்கு விறகு போடும் முதியவர் ஒருவர் இருந்தார். வெப்பமானியை அவர் அதிகம் பார்ப்பதில்லை. வெளிவரும் தூளின் மணத்தைக் கொண்டே வெப்பத்தைக் கூட்டுவார், குறைப்பார். நான் கருவியை வைத்துச் சோதித்தேன். அவர் மூக்குக்கும் என் கருவிக்கும் வேற்றுமை மிகச் சிறிது.

இரவு வேலை தொடங்குமுன் அவர் இயந்திர அறையின் மூலையில் ஒரு சிறிய மாடத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டுவார். உள்ளே உருவம் ஏதும் இல்லை. குங்குமம் பூசிய ஒரு கல்லும் எலுமிச்சம்பழமும் மட்டுமே. "இது யார் சாமி, ஐயா?" என்று கேட்டேன்.

"ரோதமுனிங்க. இந்த ரோதைக்கெல்லாம் அவருதான் காவல். கையி, காலு மாட்டாமப் பாத்துக்குவாரு."

ரோதை என்பது சக்கரம். நீராலும் நீராவியாலும் ஓடிய பழைய சக்கரங்களைக் கண்டு அஞ்சிய எளிய மக்கள், அச்சத்துக்கு ஒரு பெயர் சூட்டி, மாடம் கட்டி, நட்பாக்கிக்கொண்டிருக்கிறார்கள். தேயிலை இயந்திரத்தோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு, என் தொழிலுக்கென்று ஒரு தெய்வம் உண்டு என்பது நாற்பத்தெட்டாம் வயதில் தெரிந்தது. அன்று முதல் பெரியவருக்கும் எனக்கும் பேச்சு வளர்ந்தது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தயங்கித் தயங்கி என் தாயாரின் தோட்டப் பெயரைச் சொன்னேன். விறகைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது ரயிலு தெரியிற மலையில்ல? நீங்க யாரு பிள்ளைங்க?"

ரயில் தெரிந்த மலை

அப்பகுதியில் இன்று இரயில் இல்லை. கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை ஒரு காலத்தில் குறுகிய தண்டவாளப் பாதை இருந்தது. அவிசாவளைக்கு அப்பால் உள்ள பகுதி 1970களில் மூடப்பட்டது. ஆகவே இரயில் தெரிந்த மலையைக் காண வேண்டுமானால், இல்லாத இரயிலை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

தொழிற்சாலையின் டீமேக்கர் சிங்களவர். நன்றாகத் தமிழ் பேசுபவர். அவருடைய தந்தையார் அந்த இரயில் பாதையில் வேலை பார்த்தவராம். விடுமுறை நாளில் அவரே என்னுடன் வந்தார். புல் மூடிய மண்மேடுகளையும், ஓடையின் நடுவே தனித்து நிற்கும் கற்றூண்களையும் காட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்று, "இங்கிருந்து பார்த்தால் தெரியும் தோட்டங்கள் மூன்றுதான்" என்றார். முதல் தோட்டத்தில் அப்பெயரை அறிந்தவர் இல்லை. இரண்டாவதில், பால் வெட்டிவிட்டு வாளியுடன் வந்த ஒருவர் மேற்குப் பக்கத்தைக் கைகாட்டினார்.

ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் பருவம். செம்பழுப்புச் சருகு கணுக்கால் வரை கிடந்தது. முன்பு நான்கு லயங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒன்று நின்றது. அதில் ஐந்து குடும்பங்கள். திண்ணையில் எண்பது வயது மதிக்கத் தக்க மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். அவரிடம் என் பாட்டனார் பெயரைச் சொன்னேன், விளங்கவில்லை. "ரதி வேசம் கட்டுவாரே, பாட்டி" என்றேன்.

அவர் முகம் மாறியது. என்னை அருகில் அழைத்துக் கன்னத்தைத் தடவினார். "ரதி பேரனா? ஒங்க தாத்தா அழுதா மழ வரும் ராசா" என்றார்.

கம்பம் ஊன்றும் இடம் எது என்று கேட்டேன். எதிரே இருந்த சமதரையைக் காட்டினார். பிள்ளைகள் கைப்பந்து ஆடுவதற்கு வலை கட்டியிருந்தார்கள்.

"இப்ப ஊன்றதில்லையா, பாட்டி?"

"ஆளுக்கு எங்க போறது? மன்மதன் ஒரு வருசம் கப்பலேறிட்டான். மறு வருசம் ரதி போயிருச்சு. தப்பு மட்டும் இங்க கெடந்துச்சு."

ஐந்து இலட்சத்து இருபத்தைந்தாயிரம் என்ற எண்ணை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். மேடையில் பேசியும் இருக்கிறேன். அந்த எண் ஒரு கூத்துக் குழுவை எப்படிப் பங்கு போட்டது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. மன்மதன் இந்தியப் பிரசை. தப்படிப்பவர் இலங்கைப் பிரசை. கூத்து எந்த நாட்டுக்கு உரியது என்று ஒப்பந்தம் எழுதியவர்கள் கேட்கவில்லை.

அவர்களுடைய ஓய்வு

அந்த மலையில் கம்பம் இல்லை. ஆனால் நான் தங்கியிருந்த தோட்டத்தில் இருந்தது. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், பெரியவர் என்னை அழைத்துச் சென்றார். கம்பம் ஊன்றிய நாள் முதல் பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கும் நாள் வரை, ஒவ்வோர் இரவும் ஏதேனும் ஒரு நிகழ்ச்சி. ரதி மன்மதன் திருமணம், தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதன், தடுத்து அழும் ரதி, சிவனின் சினம், இறுதியில் தகனம். நம் தஞ்சை மாவட்டத்தில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இலாவணி பாடுவதற்குப் பொருளாய் உள்ள அதே கதைதான்.

இங்கே வாசகர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் இவர்கள். குறித்த எடை கொழுந்து பறித்தால்தான் ஒரு நாள் 'பேர்' விழும், குறைந்தால் அரைப்பேர். ரப்பர் மலையில் மழை பெய்தால் வெட்டு இல்லை. ஒரு நாளின் உழைப்பைப் 'பேர்' என்று அழைக்கும் மக்கள், அந்தப் பேர் எழுதப்படாத இரவு நேரத்தில், சோறுண்டு, கால் கழுவி, அரிதாரம் பூசிக்கொண்டு வந்து நின்றார்கள். ரதியாக ஆடிய இளைஞன் பகலில் தொழிற்சாலையில் தேயிலை மூட்டை சுமப்பவன். மூன்று நாளாக என் கண்ணெதிரே நடமாடியவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆறு வார காலத்தில் எனக்குக் கிடைத்த ஓய்வு எவ்வளவு, அவர்களுக்கு ஓராண்டில் கிடைக்கும் ஓய்வு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஓய்வைப் பயனுறக் கழிப்பது எப்படி என்று அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களிடம் நான் கேட்க வேண்டியதுதான் நிறைய இருந்தது.

குமாரசுவாமியின் நூல் கண்டிச் சிங்களக் கைவினைகளைப் பற்றியது. லயத்து மக்களின் கலை அதன் எல்லைக்குள் வரவில்லை. அந்தக் குறையை உள்ளிருந்தே ஓரளவு நிறைவித்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அக்கவிஞர், மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்தார். இன்னும் தொகுக்க வேண்டியவை அம்மலைகளில் எவ்வளவோ உள்ளன என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் நினைவிற் கொள்வார்களாக.

ரதி அழும் இரவு, பெரியவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, கைப்பேசியில் அம்மாவை அழைத்தேன். எதுவும் பேசாமல் கைப்பேசியைத் தப்பின் பக்கமாக நீட்டிப் பிடித்தேன். கால் மணி நேரம் மறுமுனையில் ஓசை இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று காதில் வைத்தபோது, அம்மாவின் குரல் கேட்டது:

"தப்பு வேகமா விழுதுப்பா. ரதி அழுவுற எடத்துல மெள்ள அடிக்கணும். அழுவ நேரம் வேணாமா?"

ஐம்பது ஆண்டுகள் கழித்து, கடலுக்கு அப்பாலிருந்து அவர் சொன்ன முதற்சொல் அது. அழவில்லை, பிழை திருத்தினார்.

மறுநாள் தயக்கத்துடன் தப்படிக்கும் இளைஞரிடம் அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொல்லியிருக்காங்க. எங்க அப்பா காலத்துல அப்பிடித்தான். இப்பத்தான் பயலுக அவசரப்படுறானுக" என்றார். அன்றிரவு அம்மா சொன்னபடி தப்பு மெள்ள விழுந்தது. மூட்டை சுமக்கும் இளைஞன் நின்று, மூச்சு வாங்கி, அழுதான். எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்கள் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

துறைமுகத்தில் நின்ற பகுதி ஒருவாறு வந்து சேர்ந்தது. இரவும் பகலும் உழைத்து இயந்திரத்தை நிறுவினோம். அடுப்பை மூட்டும் நாளில் பெரியவர் ரோதமுனிக்கு ஓர் எலுமிச்சம்பழம் அதிகமாக வைத்தார். முதல் தூளை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அதன் பிறகுதான் நான் வெப்பமானியைப் பார்த்தேன்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவின் எதிரே அமர்கிறேன். தம் தந்தையார் ரதியாக நின்று பாடியவற்றை அவர் நினைவுகூர்ந்து சொல்லச் சொல்ல, நான் எழுதிக்கொள்கிறேன். சில அடிகள் முழுமையாக வருகின்றன. சில பாதியில் நின்றுவிடுகின்றன. எழுதிய தாள்களைப் படம் எடுத்துத் தப்படிக்கும் இளைஞருக்கு அனுப்புகிறேன். விட்டுப்போன அடி ஒன்றைப் பெரியவரிடம் கேட்டு அவர் அனுப்பி வைத்தார்.

அலுவலகத்தில் நான் கொடுத்த பயண அறிக்கையில் இவை எதுவும் இல்லை. அதற்குரிய பத்தியில் பதினேழு நாள்களுக்கு நேரே 'வேலை இல்லை' என்று எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறேன்.